நாலணாவில் நின்ற காண்டாமிருகம்

மதுரை,
ஐப்பசி.

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் வீட்டிலும் அப்படியே என்று நம்புகிறேன். மழை பிடித்துக்கொண்டதால் அம்மாவின் முழங்கால் வலி கூடியிருக்கிறது. கணக்கு வாத்தியாரைச் சென்ற வாரம் பார்த்தேன். உன் கையெழுத்து இப்போதாவது திருந்தியதா என்று கேட்டார். இல்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

உன் மகள் அனுப்பிய உறை வந்து சேர்ந்தது. அதிலிருந்த காசுகளோடு அமெரிக்கத் தேசியப் பூங்காக் கால் டாலர் வரிசை 56-ம் நிறைந்துவிட்டது. 2010-இல் ஹாட் ஸ்பிரிங்ஸ் பூங்காவில் தொடங்கி, மாநிலத்துக்கு ஒன்று, தலைநகருக்கும் ஐந்து ஆட்சிப் பகுதிகளுக்கும் ஒவ்வொன்று என்று 2021 வரை அடிக்கப்பட்ட வரிசை அது. அவளுக்கு என் ஆசிகளைச் சொல்.

ஆனால், தேய்ந்தவற்றைத் தள்ளிவிட்டுப் புழக்கத்துக்கே வராத பளபளப்பான காசுகளாக வாங்கி அடுக்கு என்று நீ எழுதியிருந்தாயே, அதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

ஃப்ளோரிடா மாநிலத்தின் எவர்கிளேட்ஸ் பூங்காவுக்கு அடித்த காசை எடுத்துக்கொள். வில்லோ மரத்தில் ஒரு பாம்புத்தாரா சிறகுகளை அகல விரித்து நிற்கிறது. அதற்குச் சற்றுப் பின்னால் ஒரு கரண்டிவாயன். நம் ஊர்ப் பாம்புத்தாரா கண்மாய்களில் முங்கி எழுந்து, கருவேலக் கிளையில் ஏறி ஈரம் உலர்த்துமே, அதன் நெருங்கிய உறவுதான் காசிலுள்ள இந்தப் பாம்புத்தாரா. என்னிடம் இருக்கும் காசில் அதன் சிறகு நுனிகள் மழுங்கிவிட்டன. விளிம்பின் வரிகளிலும் அழுக்குப் படிந்திருக்கிறது. பேருந்துக் கட்டணமாகவும் காப்பிக் கடைச் சில்லறையாகவும் அது எத்தனை கை மாறியிருக்க வேண்டும்! ஃப்ளோரிடாவின் சதுப்புநிலத்தை ஒருபோதும் பார்த்திராத எத்தனையோ பேருடைய சட்டைப்பையில் அந்தப் பறவை இருந்திருக்கிறது. அந்தத் தேய்மானத்தைத் தள்ளிவிட்டு நான் எதைச் சேகரிப்பது? அந்த நாட்டு நாணயச் சாலையே இதை உணர்ந்துதான் செயல்பட்டது. 2019-இலும் 2020-இலும் வெஸ்ட் பாயிண்டில் உள்ள தன் சாலையில் ஒவ்வொரு வடிவத்துக்கும் 20 லட்சம் காசுகளை, முன்பக்கத்தில் இருக்கும் வாஷிங்டனின் பின்கூந்தலுக்கு அருகே அந்தச் சாலையைக் குறிக்கும் ஒரு சிறிய ‘டபிள்யூ’ எழுத்தோடு அடித்து, விற்பனைப் பெட்டியில் வைக்காமல் நேராகப் புழக்கத்தில் கலந்துவிட்டது. வேண்டும் என்பவர் சில்லறையைப் புரட்டித்தான் தேட வேண்டும்.

நம்மிடமும் அப்படி ஒரு காசு இருந்தது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். 1988 முதல் அடிக்கப்பட்ட எவர்சில்வர் நாலணாவில், அதாவது 25 காசு நாணயத்தில், ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகம் நின்றதே, மறந்துவிட்டாயா? அந்த மிருகம் வாழும் அஸ்ஸாமின் காசிரங்கா எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத நாமெல்லாம் அதைக் கொடுத்துத்தான் கமர்கட் வாங்கினோம். 2011 ஜூன் 30-ஓடு நாலணா செல்லாக்காசாகி, காண்டாமிருகமும் நம் கையைவிட்டுப் போய்விட்டது.

அதற்குப் பிறகு என்ன வந்தது? புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் 50 ஆண்டு நிறைவுக்காக 2023 ஏப்ரலில் மைசூரில் பிரதமர் 50 ரூபாய் நாணயம் ஒன்றை வெளியிட்டார். அந்தக் காசு கடைத்தெருவுக்கு வராது. அதில் எழுதிய மதிப்புக்கு மேல் பல மடங்கு கொடுத்து, என்னையும் உன்னையும் போன்றவர்கள் பெட்டியோடு வாங்கிப் பூட்டி வைக்க வேண்டியதுதான். புலியின் பெயரால் ஒரு காசு வந்தும், அது மேலூர்ச் சந்தையில் கத்தரிக்காய் விற்கும் அம்மாளின் சுருக்குப்பைக்குள் போகாது என்றால், அதனால் காட்டுக்கு என்ன ஆகப்போகிறது?

முடியாத காரியம் ஒன்றையும் நான் கேட்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-இல் ஐந்து ரூபாய்க் காசு வந்து, நம் கைகளிலெல்லாம் புழங்கியது. அதுபோலவே தமிழ்நாட்டின் தேசியப் பூங்காக்கள் ஐந்துக்கும், அதாவது கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா ஆகியவற்றுக்கு, பத்து ரூபாய்க் காசில் ஒரு வரிசை அடிக்கலாம். முக்குருத்திக்கு வரையாடு, மன்னார் வளைகுடாவுக்கு ஆவுளியா என்னும் கடற்பசு. பாம்பனில் வலை இழுப்பவரின் கையில் அவருடைய கடலின் ஆவுளியாவே காசாக வந்து விழுந்தால், ஆவுளியா ஒன்று வலையில் சிக்கும்போது, அவர் வலையை அறுத்து அதைக் கடலிலேயே விடுவதற்கு அதுவும் ஒரு காரணமாகாதா? காசு மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடி மக்கள் கூடுகட்டும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை; அவர்களுக்கு எந்தக் காசும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆயினும் அந்த மனம் மற்ற ஊர்களுக்கும் பரவ ஒரு வழி வேண்டுமல்லவா?

நிதி அமைச்சகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வங்கியில் இருந்தவன் நீ; அரசாங்க நடையில் எழுத உன்னைப்போல் எனக்கு வராது. வரைவைத் தனியே அனுப்புகிறேன், திருத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வாத்தியாரும் கையெழுத்திடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. உன் அம்மாவின் பழைய உண்டியலில் காண்டாமிருக நாலணாக்கள் கிடக்கும் என்று உன் மைத்துனர் சொன்னார். இருந்தால் எனக்கு அனுப்பு; அமெரிக்கக் காசுகள் இருக்கும் அதே ஏட்டில் வைக்கப் போகிறேன். புளி போட்டுத் துலக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்