சிகோயா தேசியப் பூங்காவில் உதவிய தன்னார்வலருக்கு நன்றி

கலிஃபோர்னியாவில் 1890-இல் அமைக்கப்பட்ட சிகோயா தேசியப் பூங்காவில், பார்வை மங்கிய என் தந்தைக்குத் துணையாக, பெயர்கூடச் சொல்லாமல் எங்களுடன் நடந்துவந்த தன்னார்வலரே, உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. சிகோயா என்னும் அந்த மாபெரும் மரங்களின் உயரத்தை எண்களால் விளக்காமல், உதிர்ந்து கிடந்த, கோழிமுட்டை அளவேயுள்ள, விதைகளைத் தாங்கும் சிகோயாக் கூம்பு ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்து, இறுக மூடியிருந்த அதன் செதில்களை விரலால் தடவிப் பார்க்கச் செய்தீர்கள். காட்டுத்தீயின் வெப்பத்தில் உலர்ந்து விரியும்போதுதான் இவை பெருமளவில் விதைகளைச் சிந்துகின்றன என்றும், தீ துப்புரவாக்கிய மண்ணில்தான் கன்றுகள் நன்கு வேர்பிடிக்கின்றன என்றும் பொறுமையாக எடுத்துரைத்தீர்கள். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துச் செல்லலாகாது என்பதால், கூம்பைக் கிடந்த இடத்திலேயே அவரைக்கொண்டே வைக்கச் செய்தது (எத்தனை நயமான செயல்!) அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. பார்வை குறைந்தபின் பயணம் எதற்கு என்றிருந்தவர், இப்போது அடுத்த காட்டைப் பற்றிப் பேசுகிறார். இப்பதிவு உங்கள் கண்ணில் பட்டால், அவர் உங்களை அன்போடு விசாரித்ததாக ஏற்றுக்கொள்ளுங்கள்.