கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் தேவலை. டாக்டர் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு அந்த எண்ணெயைத்தான் தடவுகிறார். பெரியப்பா பத்திர விஷயம் போட்டது போட்டபடி கிடக்கிறது. கொல்லைச் சப்போட்டா இந்த வருஷம் அணிலுக்குப் போக மிச்சம் கொடுத்தது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் மூன்று ஞாயிறாக நீ கூப்பிடும்போது ஒன்று நெட் சரியில்லை, இல்லாவிட்டால் என் பேரன் தம்பி தூங்குகிறான். காலை பத்து மணிக்குத் தூங்குகிற பிள்ளை இல்லை அவன். சரி, அசதியாக இருக்கும்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பள்ளிக்கூடக் காகிதத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் படித்தேன். இங்கிலீஷ் எவ்வளவு தெரியும் என்று பார்க்கிற 'விடா' தேர்வில் தம்பிக்கு 3.8. நியூ ஜெர்சிக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியும், வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரும் இஎஸ்எல் வகுப்பிலேயே வைத்திருக்கிறார்கள், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்றாய். பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதினாயே, அதுதான் தப்பு என்று மாப்பிள்ளை பின்னாலிருந்து சொன்னதும் காதில் விழுந்தது. அவருக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். உனக்குச் சொல்கிறேன், நீ உண்மையைத்தான் எழுதினாய். அன்றைக்கு அதை நீ சொன்னபோது பக்கத்து வீட்டு டீச்சரிடம் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா.

கையெழுத்துப் போட அவசரப்படாதே. நீ மறுத்தாலும் அந்தத் தேர்வை அவன் வருஷா வருஷம் எழுதத்தான் வேண்டும். வகுப்பு போய்விடும், தேர்வு போகாது. அதனால் யாருக்கு லாபம்?

பார்க்கில் பிள்ளைகளோடு பொரிந்து தள்ளுகிறான், இவனுக்கு எதற்கு ஸ்பெஷல் கிளாஸ் என்கிறாய். விளையாட்டு இங்கிலீஷ் வேறு, பாடத்து இங்கிலீஷ் வேறு. கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்று ஒரு பேராசிரியர் இதைப் பற்றியே ஆராய்ந்திருக்கிறார். பேச்சு இரண்டு வருஷத்தில் வந்துவிடும், பாடத்து மொழி கூடப் படிக்கிற பிள்ளைகள் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும் என்கிறார். உன் காகிதத்திலும் அதுதானே இருக்கிறது? அந்தத் தேர்வின் மொத்த மதிப்பெண்ணில் கேட்பதற்கும் பேசுவதற்கும் தலைக்கு 15 சதவீதம், படிப்பதற்கும் எழுதுவதற்கும் தலைக்கு 35. கணக்கில் 'டிஃபரன்ஸ்' என்ன என்று கேட்டதற்கு, ஒன்று பெரிசு ஒன்று சின்னது என்று எழுதி வைத்தான் என்று நீதானே சொல்லிச் சிரித்தாய். வித்தியாசம் என்றால் கழித்து வருவது என்று தமிழ்ப் பிள்ளைகளுக்கே நான் முப்பது வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு டீச்சர் தனியாக வருகிறார் என்றால் வேண்டாம் என்பார்களா?

எல்லாரும் பார்க்க அவனை மட்டும் எழுப்பிக் கூட்டிப்போவது உனக்குக் கேவலமாக இருக்கிறது. புரிகிறது. அதுவும் டிராயிங் பீரியடில் கூட்டிப்போனால் அவன் அழத்தான் செய்வான். நேரத்தை மாற்றிக் கேள். இல்லை, அந்த டீச்சரையே வகுப்புக்குள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர முடியுமா என்று கேள். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. சும்மா கொடுத்த சலுகையில்லை பாப்பா, வழக்காடி வாங்கியது. சான் பிரான்சிஸ்கோவில் இங்கிலீஷ் தெரியாத சீனப் பிள்ளைகள் சுமார் 1,800 பேர் ஓர் உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வீட்டார் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். ஒரே புத்தகம், ஒரே வாத்தியார் என்று கொடுத்துவிட்டால் அது சமம் ஆகிவிடாது, பாடம் புரியாத பிள்ளைக்குப் படிப்பே இல்லை என்று 1974இல் தீர்ப்பு வந்தது. லாவ் வழக்கு என்று போட்டுப் பார், வரும்.

நான் எந்த ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனேன், நான் படிக்கவில்லையா என்று நீ கேட்டதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பில் உன்னை இங்கிலீஷ் மீடியத்தில் தள்ளியது நான்தான். தமிழில் பேசினால் வார்த்தைக்கு ஒரு ரூபாய் அபராதம் என்று உன் டைரியில் எழுதி அனுப்புவார்கள், நான் கையெழுத்துப் போட்டுக் காசும் கொடுத்து அனுப்புவேன். அறிவியல் புத்தகத்தை அர்த்தம் தெரியாமலே பக்கம் பக்கமாக ஒப்பிப்பாய். முதல் ரேங்க் வாங்கினாய், ஊரெல்லாம் சொன்னேன். ஆனால் அந்த ஆறு மாசம் நீ வீட்டிலும் பேசவில்லை. அப்பா சொன்னார், நான்தான் பழகிவிடும் என்றேன்.

இன்னொன்று உன்னிடம் சொன்னதேயில்லை. நீ காலேஜில் இரண்டாம் வருஷம் இருந்தபோது, சூளைக்கு வந்த ஒடிசாக்காரர்கள் மூன்று பிள்ளைகளை நம் பள்ளியில் விட்டார்கள். ஒருவன் என் மூன்றாம் வகுப்பு. அவன் பெயர் வாயில் நுழையவில்லை என்று வருகைப் பதிவேட்டில் எனக்கு வசதியாக ஒரு பெயர் எழுதிக்கொண்டேன். அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவன் திரும்ப மாட்டான். காது சரியில்லையோ என்று முதலில் நினைத்தேன். அப்புறம் மெல்லக் கற்போர் பட்டியலில் போட்டேன். ஐந்தும் மூன்றும் எவ்வளவு என்று கேட்டால் என் வாயையே பார்ப்பான். கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன், தொந்தரவில்லாத பிள்ளை. சத்துணவு வாங்க மட்டும் எழுந்து வருவான்.

சித்திரை மாசம் கணக்கெடுப்புக்காகச் சூளைக்குப் போனேன். அவன் காயப்போட்ட பச்சைக் கல்லைப் புரட்டிக்கொண்டே 'ஏக, துய், தினி, சாரி' என்று எண்ணிக்கொண்டு போனான். வரிசை முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கல்லைப் போட்டுவிட்டு அடுத்த வரிசை. முடிந்ததும் அந்தச் சின்னக் கற்களை எண்ணிப் பார்த்து மேஸ்திரியிடம் ஒரு தொகையைச் சொன்னான். மேஸ்திரி நோட்டில் எழுதிக்கொண்டார், சரி பார்க்கக்கூட இல்லை. என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான், வகுப்பில் நிற்கிற மாதிரியே. வாய் மூடிக்கொண்டது.

மறுநாள் அவனை முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்தேன் என்று எழுத ஆசை. செய்யவில்லை. பட்டியலை அனுப்பியாகிவிட்டது, வருஷக் கடைசி, ஏகப்பட்ட வேலை. ஜூனில் பள்ளி திறந்தபோது சூளையில் வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு அவன் முகம் ஞாபகம் இருக்கிறது, நான் வைத்த பெயரும் ஞாபகம் இருக்கிறது. அவனுடைய பெயர் தெரியாது.

நல்லாசிரியர் விருதுக்கு என் பெயரை அனுப்பவில்லை என்று ஒரு வருஷம் அழுதேனே, அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். அதே வருஷம்தான்.

தம்பிக்கு அங்கே அந்த டீச்சர் இருக்கிறார் பாப்பா. அவரை நிறுத்திவிடாதே. வீட்டில் எப்போதும்போல் பேசுங்கள், அதனால் அவன் இங்கிலீஷ் ஒன்றும் கெட்டுப்போகாது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எப்போதும் 'ஆயா, சாப்ட்டியா' என்று கேட்கிறவன், கடைசியாகப் பேசிய அன்று 'ஹாய்' என்று சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்த்தான். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் பார்த்ததைச் சொன்னேன்.

வரும் ஞாயிறு கூப்பிடும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வை. பேசாவிட்டாலும் பரவாயில்லை. அணில் சப்போட்டாவைத் திருடுவதைப் போனில் காட்டுகிறேன் என்று சொல். நெட் சரியில்லை என்றால் திங்கட்கிழமை கூப்பிடு, நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: மாப்பிள்ளைக்கு மாவடு போட்டு வைத்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் சொல். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுவதானால் அந்த இரண்டாவது பக்கத்தை மட்டும் நீயே வைத்துக்கொள்.