நூறு சிட்-அப் எண்ணினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் இருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 12 வயது, இரண்டு கையையும் ஒன்றாக வீசி நீந்தும் பட்டர்ஃபிளை நீந்துகிறாள். போன மழைக்காலத்தில் அவளுக்குக் கீழ்முதுகில் வலி வந்தது. ஸ்கூல் பை கனம்தான் காரணம் என்று நினைத்து நானும் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தேன். அப்புறம் பிசியோதெரபிஸ்டிடம் காட்டினால், தண்ணீருக்கு வெளியே என்ன பயிற்சி செய்கிறாய் என்றுதான் அவர் முதலில் கேட்டார். குளத்தில் இறங்குவதற்கு முன்னால் ஈரத் தரையில் அவசர அவசரமாக 100 சிட்-அப், அவ்வளவுதான். முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நேராகப் பிடிக்கும் பிளாங்க் போடச் சொன்னார், 15 விநாடியில் இடுப்பு தொய்ந்துவிட்டது. இத்தனை வருடம் நீந்துகிற பிள்ளை!

ஓடுகிறவர்களுக்கு மிதித்து எழும்பத் தரை இருக்கிறது. நீந்துகிறவர்களுக்கு அது இல்லை, கை இழுப்பதும் கால் உதைப்பதும் ஒன்று சேர்வது வயிறு, கீழ்முதுகு, இடுப்பு என்ற நடு உடம்பில்தான். அது தளர்ந்தால் இடுப்பு கீழே இறங்கும், தண்ணீர் பிடித்து இழுக்கும், எவ்வளவு கை போட்டாலும் நேரம் குறையாது. டைவ் அடித்ததும், சுவரில் திரும்பியதும் 15 மீட்டர் வரை தண்ணீருக்கடியில் போகலாம் என்று பட்டர்ஃபிளைக்கு விதி இருக்கிறது, அங்கே இரண்டு காலையும் சேர்த்து அடிக்கும் டால்ஃபின் கிக் முழங்காலில் இருந்து வருவதில்லை, உடம்பின் நடுவில் இருந்துதான் கிளம்ப வேண்டும். அதோடு பட்டர்ஃபிளையில் முதுகு திரும்பத் திரும்பப் பின்னால் வளைகிறது. வயிற்றுத் தசை தாங்காவிட்டால் அந்தச் சுமை கீழ்முதுகு எலும்பில் போய் உட்காரும், அதுவோ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற எலும்பு.

சில வாரம் பட்டர்ஃபிளையைக் குறைக்கச் சொல்லிவிட்டு அவர் கற்றுக்கொடுத்தது சின்னச் சின்னப் பயிற்சிகள்தான். மல்லாந்து படுத்து, கீழ்முதுகு தரையை விட்டு எழும்பாமல், எதிரெதிர் கையையும் காலையும் மெல்ல நீட்டி மடக்கும் டெட் பக். பக்கவாட்டுப் பிளாங்க், கையும் முழங்காலும் ஊன்றி எதிரெதிர் கையையும் காலையும் நீட்டும் பேர்ட் டாக். மூச்சை அடக்கக் கூடாது, உடம்பு ஆட ஆரம்பித்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். வாரத்தில் 3 நாள், 15 நிமிடம். இந்த வயதில் எத்தனை என்று எண்ணுவதைவிடச் சரியாகச் செய்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்க்கிற ஆள்தான் முக்கியம். இப்போது அவளுக்கு வலி இல்லை.

ஒலிம்பிக் நீச்சல் வீரர் ஸ்ரீஹரி நட்ராஜும், 14 வயதில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நீந்திய தினிதி தேசிங்குவும் இந்த ஊரில் பயிற்சி எடுத்தவர்கள். அவர்களைப் பார்த்து எத்தனையோ பிள்ளைகள் விடியற்காலையில் குளத்துக்கு வருகிறார்கள். பெரிய மையங்களில் ஜிம்மும் தனிப் பயிற்சியாளரும் இருக்கலாம், ஆனால் பேட்டைக் குளங்களில் கால் நீட்டிப் படுக்க ஒரு காய்ந்த இடம்கூடக் கிடையாது. கூரைக்குக் கீழே பத்து மேட் விரிக்கிற அளவு இடம் கொடுங்கள் என்றுதான் குளம் நடத்துகிறவர்களைக் கேட்கிறேன். எங்கள் குளத்தில் கேட்டபோது இடமில்லை என்றார்கள், ஸ்கூட்டர் நிறுத்தும் ஷெட்டில் காலை 5 மணிக்குப் பாதி இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு நீச்சல் வீராங்கனையின் அம்மா,
அல்சூர், பெங்களூரு