பொருள்: வால்பாறை மலைப்பாதையில் எரிந்த என் கார், எலி மேல் பழி போட்டு நீங்கள் அனுப்பிய பதில்

வாடிக்கையாளர் சேவைத் தலைமை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். "வயரை எலி கடித்திருக்கலாம், ஆகவே வாரன்டியில் வராது" என்று நீங்கள் அனுப்பிய இரண்டு வரி மெயில் கிடைத்தது. இத்தனை மாதம் அலைந்ததற்கு அந்த இரண்டு வரிதான் மிச்சம். யார் வந்து பார்த்தார்கள், எந்த வயரில் பல் தடம் இருந்தது, ஒரு போட்டோவாவது உண்டா, எதுவும் இல்லை. கீழே ஒரு கையெழுத்துகூட இல்லை. கடைசியாக ஒரு தடவை மரியாதையாகவே எழுதுகிறேன், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

எந்த ஹார்னஸை, அதாவது எந்த வயர் கட்டைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். ஃபியூஸ் பாக்ஸிலிருந்து கிளம்பி ரேடியேட்டருக்கு முன்னால் இறங்கி ஃபாக் லாம்புக்கு, அந்தப் பனிமூட்ட விளக்குக்குப் போகிறதே, அதுதான். ஹார்ன் பிராக்கெட்டின் கூரான ஓரத்தில் உரசியபடி போகிற அந்த இடத்தில் ஒரு கிளிப் போட்டிருந்தால் இந்தக் கடிதமே இருக்காது. நீங்கள் வரைந்த டிசைன், நீங்கள் போட்ட வயர், இதற்கு மேல் நான் விளக்க என்ன இருக்கிறது. அந்த ஃபாக் லாம்பும் வெளிக்கடையில் மாட்டியது இல்லை. டாப் மாடல் என்று சொல்லிக் கூடுதலாகப் பணம் வாங்கிக்கொண்டு உங்கள் ஃபேக்டரியிலேயே போட்டுக் கொடுத்தது. அதனால் "வெளியே எதாவது எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் பண்ணீங்களா சார்" என்று கால் சென்டரில் யாரும் இனிமேல் கேட்க வேண்டாம்.

அந்த ஃபாக் லாம்ப் ஃபியூஸ், வண்டி எரிவதற்கு முன்பே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் உங்கள் சர்வீஸ் சென்டருக்குத்தான் வண்டியைக் கொண்டுபோனேன். ஃபியூஸ் ஏன் போகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியாக என்ன செய்தார்கள் தெரியுமா? ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் நீங்களே அச்சடித்திருக்கிற படத்தில் அந்த இடத்துக்கு 15 ஆம்பியர், அதாவது நீல ஃபியூஸ். வண்டி திரும்பி வந்தபோது அங்கே மஞ்சள் ஃபியூஸ் இருந்தது. மஞ்சள் என்றால் 20 ஆம்பியர், கூடுதல் கரண்ட் போனாலும் லேசில் அறுந்துபோகாது. ஜாப் கார்டில் "ஃபியூஸ் மாற்றப்பட்டது, வண்டி ஓகே" என்று மட்டும் எழுதியிருக்கிறது. வயர் சூடாகிறது என்று கத்துகிற ஃபியூஸை எடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிற ஃபியூஸைப் போட்டுவிட்டு ஓகே என்று எழுதுகிறவருக்கு நீங்கள் என்ன டிரெயினிங் கொடுக்கிறீர்கள்? மூடியைத் திறந்து நான் எடுத்த போட்டோ தேதியோடு என்னிடம் இருக்கிறது.

சரி, எரிந்த கதை. வால்பாறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மழை, பனிமூட்டம், அட்டகட்டி தாண்டியும் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை, ஃபாக் லாம்பைப் போட்டுக்கொண்டுதான் வந்தேன், அதற்காகத்தானே அதை விற்கிறீர்கள். முதலில் பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது, அப்புறம் பானெட் இடுக்கிலிருந்து புகை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம், வண்டியை ஒதுக்கி நிறுத்த அடுத்த வளைவு வரை வந்தாக வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய என் அம்மாவையும் பிள்ளையையும் நாங்கள் இழுத்து வெளியே விட்ட கொஞ்ச நேரத்தில் தீ தெரிந்தது. பின்னால் வந்த அரசுப் பேருந்தின் டிரைவரும் கண்டக்டரும் தங்கள் தீயணைப்பானை எடுத்து ஓடிவந்து அடித்தார்கள். அந்த இரண்டு பேருக்கு இருந்த அக்கறையில் கால் பங்கு உங்கள் கம்பெனியில் யாருக்காவது இருந்திருந்தால் போதும்.

இதைச் சொன்னதற்குத்தான் உங்கள் ஏரியா சர்வீஸ் மேனேஜர், கோவை ஒர்க்‌ஷாப்பில் ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு, போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "உயிரோடதானே இருக்கீங்க, அப்புறம் என்ன சார்?" என்று கேட்டார். என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. அந்த வார்த்தையை நான் மறக்கப்போவதில்லை. செத்திருந்தால் மட்டும்தான் உங்கள் கம்பெனியில் புகார் எடுப்பீர்களா? "பெட்ரோல் வண்டின்னா நூத்துல ஒண்ணு எரியத்தான் செய்யும், இன்சூரன்ஸ்ல கிளைம் பண்ணிக்குங்க" என்றும் சொன்னார். நூற்றில் ஒன்று எரியும் என்று உங்கள் விளம்பரத்தில் போடுங்களேன் பார்க்கலாம். அவர் பெயர் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், இங்கே எழுதவில்லை. அவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்துக்கு முன்னால் எனக்கு அதுதான் வேண்டும்.

அவர்தான் "சென்னை ரீஜினல் ஆபீஸ்ல டெக்னிக்கல் டீம் இருக்கு, நேர்ல போங்க, ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்றவர். நம்பி சேரன் எக்ஸ்பிரஸ் பிடித்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தே போனேன். ரிசப்ஷனில் மதியம் வரைக்கும் உட்கார வைத்துவிட்டு, டெக்னிக்கல் டீம் சென்னையில் இல்லை, உங்கள் கேஸ் கோவையிலேயேதான் இருக்கிறது என்றார்கள். கோவையில் இருப்பது தெரியாமலா அவர் என்னைச் சென்னைக்கு அனுப்பினார்? அல்லது தெரிந்தேவா?

இன்னொன்று விட்டுப்போயிற்று. சென்னை போவதற்கு முன்பே உங்கள் ஆள் ஒருவர் பொள்ளாச்சியில் வண்டி நிற்கிற ஷெட்டுக்கு வந்து, எரிந்த ஹார்னஸை வெட்டி எடுத்துக்கொண்டு போகிறேன், ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துப்போங்கள் என்றேன். போனவர் போனவர்தான். எலி கடித்தது என்று எழுதியவரும் அவர்தானா? ஏனென்றால் அந்த வயரை நாங்கள் பார்த்தோம். பிராக்கெட் ஓரத்தில் உரசிய இடத்தில் செம்பு உருகி மணிமணியாக நிற்கிறது. செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும், ரப்பரும் பிளாஸ்டிக்கும் எரிகிற தீயில் அது அவ்வளவு லேசில் உருகாது, மின்பொறி பறந்த இடத்தில்தான் இப்படி ஆகும் என்கிறார் எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். தீப்பிடித்த பிறகு ஷார்ட் ஆனாலும் மணி விழும் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள். எது முதலில் என்பதை நுகர்வோர் ஆணையம் வழியாக ஆய்வகத்துக்கு அனுப்பியே பார்த்துவிடலாம், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அதுவரைக்கும் அந்த வயரில் ஒருவர் கை வைக்கக்கூடாது.

இன்சூரன்ஸ்காரர் கொடுப்பது தேய்மானம் கழித்த மதிப்பு. ரோடு டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், நான் கட்டிய எக்ஸ்டெண்டட் வாரன்டி, எதுவும் அதில் வராது. டிக்கியில் இருந்த அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு யார் விலை போடுவது? வண்டி இல்லாமல் அலைந்ததில் என் தென்னைநார் வியாபாரமே படுத்துவிட்டது, வரவிருந்த பெரிய ஆர்டர் கை மாறிப்போனது, நான் சம்பாதித்ததெல்லாம் அந்த வளைவில் எரிந்துபோயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாம் சேர்த்து 25 லட்சம் கேட்கிறேன், இதுவே குறைச்சல். இதற்கிடையில் "உங்கள் அன்பான காருக்கு இலவச செக்கப்" என்று உங்கள் எஸ்எம்எஸ் வேறு வந்துகொண்டேயிருக்கிறது.

நான் ஒன்றும் நடக்காததைக் கேட்கவில்லை. 1996-ல் ஃபோர்டு, இக்னிஷன் சுவிட்சில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம் என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2023 செப்டம்பரில் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அழைத்து, சரிசெய்யும் வரை வீட்டை விட்டுத் தள்ளி வெளியில் நிறுத்துங்கள் என்று உரிமையாளர்களிடம் சொன்னார்கள். அவர்கள் எலி என்று சொல்லித் தப்பிக்கவில்லை. இதே மாடல், இதே ஹார்னஸ் போட்டு எத்தனை வண்டி விற்றிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அவர்களுக்காவது ஒரு கிளிப் போட்டுக் கொடுங்கள்.

தயவுசெய்து 15 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள், போனில் வேண்டாம். இல்லையென்றால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருள் பொறுப்பு (குறையுள்ள பொருளால் வந்த சேதத்துக்குத் தயாரித்தவர் பொறுப்பு) அத்தியாயத்தின்படி வழக்குப் போடுவேன், அதற்கு இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, நான் அவ்வளவு நாள் காத்திருக்கப்போவதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவின்படி வண்டிகளைத் திரும்ப அழைக்க வைக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கிறது, அங்கேயும் குறையைப் பதிவு செய்வேன். உங்கள் கம்பெனி மேல் எனக்கு விரோதம் இல்லை, அந்த மேனேஜர் மேல்தான்.

பதிலில் முதலில் இதைச் சொல்லுங்கள்: நீல ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் ஃபியூஸைப் போடச் சொன்னது யார்?

இப்படிக்கு,
எரிந்த வண்டியின் உரிமையாளர்,
பொள்ளாச்சி.

(ஜாப் கார்டு நகல், ஃபியூஸ் பாக்ஸ் போட்டோ, தீயணைப்புத் துறை அறிக்கை, நீங்கள் அனுப்பிய எலி மெயில் எல்லாம் இதோடு இருக்கின்றன.)