டார்ச் வெளிச்சத்தில் தெரிந்த படம்: தொலைக்காட்சி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் தொலைக்காட்சி விற்கும் ஷோரூம் உரிமையாளர்களுக்கும், விற்பனைத் தளத்தில் நாள் முழுவதும் நின்றபடி வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சி பழுது பார்த்து வருகிறேன். நீங்கள் விற்ற பெட்டியின் பின்மூடியைச் சில ஆண்டுகள் கழித்துத் திறப்பவன் நான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு 55 இன்ச் தொலைக்காட்சியைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். வாங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. குரல் வருகிறது, திரை கும்மிருட்டு. பட்டறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரையருகே சாய்த்துப் பிடித்தேன். செய்தி வாசிப்பவரின் முகம் மங்கலாகத் தெரிந்தது. "படம் இருக்கிறதே தம்பி!" என்றார். "படம் இருக்கிறது ஐயா, பின்னால் எரியும் விளக்குதான் போய்விட்டது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "இதற்குப் பின்னால் விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும் என்று கடையில் சொன்னார்களே?" என்று கேட்டார்.

அவரிடம் சொல்லப்பட்டது ஓஎல்இடி திரையின் குணம். அவர் வாங்கிப்போனது கியூஎல்இடி. ஆங்கில எழுத்தில் பார்த்தால் ஒரு சின்ன வால்தான் வேறுபாடு. பெட்டிக்குள் இரண்டும் முற்றிலும் வெவ்வேறு பொருள்கள்.

விற்பனையில் நின்ற அந்தப் பையன் வேண்டுமென்றே பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவனுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆசிரியர் தம் ஓய்வூதியத்திலிருந்து சேர்த்த பணம் அது. அந்த வருத்தம்தான் இந்த மடலை எழுத வைத்தது.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'எல்இடி டிவி' என்ற பெயரில் விற்கப்படுவது எல்சிடி திரைதான். திரவப் படிகத் திரைக்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னால் விளக்கு வேண்டும். முன்பு அது மெல்லிய குழல் விளக்காக இருந்தது. 2009-ஐ ஒட்டி அந்த இடத்துக்கு எல்இடி வந்ததும் தொலைக்காட்சியின் பெயரையே மாற்றிவிட்டார்கள். கியூஎல்இடி என்பது அதே எல்சிடியில் குவாண்டம் புள்ளிகள் (நிறத்தைத் தெளிவாக்கும் மிக நுண்ணிய படிகத் துகள்கள்) பூசிய படலத்தைச் சேர்த்தது. 2023-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு அது. நிறம் உண்மையிலேயே அழகாக இருக்கும். மினி எல்இடியும் எல்சிடிதான்: பின்விளக்குகளைப் பொடியாக்கி நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்து, இருட்டு வேண்டிய இடத்தில் மட்டும் மங்க வைப்பார்கள். ஓஎல்இடி ஒன்றில்தான் பின்விளக்கு இல்லாமல் புள்ளிகள் தாமே ஒளிர்கின்றன. இந்த நான்கில் எதையும் நான் குறை சொல்ல வரவில்லை. எதை எடுத்துக் கொடுக்கிறீர்களோ அதன் பெயரைச் சொல்லிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இது இப்போது முன்பைவிட அவசரமான விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 32 இன்ச்சோடு நின்றிருந்த குடும்பங்கள் 43-க்கும் 55-க்கும் போகின்றன. முதல்முறையாகப் பெரிய திரை வாங்குபவர்கள் உங்கள் வாசலில் நிற்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கடைசியாகத் தொலைக்காட்சியைப் பற்றி யோசிக்க நேர்ந்தது பிக்சர் டியூப் காலத்தில்தான்.

அந்தக் காலத்தில் தேர்வு எளிதாக இருந்தது. சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே செய்த பெட்டிகள் உண்டு. இன்ச் எவ்வளவு, கறுப்பு வெள்ளையா கலரா, அவ்வளவுதான் கேள்வி. 2006-இல் தொடங்கி அரசு கொடுத்த 14 இன்ச் இலவசக் கலர் தொலைக்காட்சிகள் பல ஆண்டுகள் என் மேசைக்கு வந்துகொண்டிருந்தன. ஈஎச்டி (பிக்சர் டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) போகும், கண்டென்சர் போகும். சில நூறு ரூபாயில் சரிசெய்து மாலையிலேயே அனுப்பிவிடுவேன். இன்று படம் தெரியும் பலகையான பேனலில் ஒரு கோடு விழுந்தால், புதுப் பேனலின் விலை புதுத் தொலைக்காட்சியின் விலையைத் தொட்டுவிடுகிறது. எனவே தவறாகத் தேர்ந்தெடுத்தவர் அதைத் திருத்திக்கொள்ள வழியில்லை.

இனி உங்கள் கடைச் சுவருக்கு வருகிறேன். அங்கே வரிசையாக மாட்டியிருக்கும் எல்லாத் திரைகளிலும் ஒரே காட்சி ஓடுகிறது: பழம் வெட்டுகிறார்கள், கிளி பறக்கிறது, கடலுக்கடியில் மீன் நீந்துகிறது. எல்லாம் கடையில் காட்டுவதற்கென்றே எடுத்த 4கே காட்சிகள். வாங்குபவர் வீட்டில் ஓடப்போவது கேபிள் செட்டாப் பாக்ஸ். அதில் வரும் சாதாரண எஸ்டி சேனலில் 720-க்கு 576, அதாவது ஏறத்தாழ 4.15 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் இருப்பவை ஏறத்தாழ 83 லட்சம். சேனலில் வரும் ஒரு புள்ளியை எடுத்துத் தொலைக்காட்சி இருபது புள்ளிகளாக நிரப்ப வேண்டும். அதை நன்றாகச் செய்யும் பெட்டியும் உண்டு, முகத்தை மெழுகுபோல் ஆக்கிவிடும் பெட்டியும் உண்டு. கிளியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கடையில் ஒரே ஒரு செட்டாப் பாக்ஸ் வையுங்கள். கேட்பவருக்கு அவர் வீட்டில் பார்க்கும் சேனலையே போட்டுக் காட்டுங்கள். பத்து நிமிட வேலை.

43 இன்ச்சில் 4கே-யா, அதில் கால்பங்கு புள்ளிகளே உள்ள முழு ஹெச்டியா என்று தவிப்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்கள் என்பது. அந்த அளவுத் திரையில் முழு ஹெச்டியின் புள்ளிகளே ஐந்தே முக்கால் அடிக்கு அப்பால் நல்ல கண்ணுக்கும் தனித்தனியாகத் தெரியாது. எட்டு அடி தள்ளிப் பார்க்கும் கூடத்தில் 4கே-க்கென்று கூடுதலாகக் கொடுக்கும் பணம் கண்ணுக்குப் போய்ச் சேருவதில்லை. அந்தப் பணத்தை நல்ல பின்விளக்குள்ள பெட்டிக்குச் செலவிடச் சொல்லலாம்.

எங்கே உட்காருவார்கள் என்பதையும் கேளுங்கள். நம் வீடுகளில் எல்லோரும் சோபாவில் நேர் எதிரே அமர்ந்து பார்ப்பதில்லை. பாட்டி சுவரோரம் பாயில் படுத்திருப்பார், அடுக்களையில் நிற்பவர் வாசற்படி வழியாக ஒரு கண் பார்ப்பார். எல்சிடி பேனலில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகை உண்டு. ஐபிஎஸ் பேனலில் பக்கவாட்டிலிருந்தும் நிறம் அதிகம் வெளுக்காது. ஆனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் வெளுக்கும். இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவருக்கு விஏ, கூட்டுக் குடும்பத்துக்கு ஐபிஎஸ். இந்த இரண்டு பெயர்களும் எந்த விலைச்சீட்டிலும் இருப்பதில்லை. 'ஹெச்டிஆர்' (பளிச்சிடும் ஒளியையும் ஆழ்ந்த இருட்டையும் ஒரே காட்சியில் காட்டும் வசதி) என்று மட்டும் தவறாமல் இருக்கிறது. அந்த ஒளியைக் காட்டும் வலு திரைக்கு இருக்கிறதா என்பதைச் சீட்டு சொல்வதில்லை. '120' என்று பெரிதாக அச்சிட்ட பல பெட்டிகளில் பேனல் 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு அறுபது முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். மற்றது மென்பொருள் செய்யும் வேலைக்கு வைத்த பெயர்.

அந்த ஆசிரியரின் பின்விளக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் போனது? மெனுவைத் திறந்து பார்த்தேன். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைக்கும் அதே அமைப்பு. ஒளி நூற்றுக்கு நூறு. வீட்டில் மாட்டிக் கொடுக்க வந்தவர் அதை மாற்றாமல் போய்விட்டார். முழு வலுவில் எரியும் எல்இடி பட்டைகள் சூடாகிச் சீக்கிரம் ஓய்ந்துபோகும். முதல்முறை இயக்கும்போதே 'வீடா, கடையா' என்று தொலைக்காட்சி கேட்கும். வீடு என்று அழுத்திவிட்டு, ஒளியைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்தினால் போதும். மாட்டப் போகும் ஊழியரிடம் இதை ஒரு கட்டாய வேலையாகச் சொல்லி அனுப்புங்கள். இந்த மடலில் நீங்கள் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

ஓஎல்இடி வாங்குபவர்களுக்குத் தனியாக இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். காலை முதல் இரவு வரை செய்திச் சேனல் ஓடும் வீடு என்றால், கீழே ஓடும் செய்திப் பட்டையும் மூலையில் நிற்கும் சேனல் முத்திரையும் ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் இருந்து தழும்பு போல் பதிந்துவிடக்கூடும். அந்த வீட்டுக்கு எல்சிடியே நல்லது என்று சொல்லி விற்பதில் உங்களுக்கு இழுக்கில்லை. அடுத்தது, சுவர் சுவிட்ச். தொலைக்காட்சியை நிறுத்தியதும் சுவர் சுவிட்சையும் அணைப்பது நம் வீடுகளின் நல்ல பழக்கம். ஆனால் ஓஎல்இடி பல மணி நேரம் ஓடிய பிறகு, ரிமோட்டில் அணைத்து வைத்திருக்கும்போதுதான் தன் புள்ளிகளைத் தானே சீர்செய்துகொள்கிறது. மின்சாரத்தை உடனே துண்டித்தால் அந்த வேலை நடக்காது. சிக்கனமாக இருப்பதாக நினைத்துத் திரையின் ஆயுளைக் குறைத்துக்கொண்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வாங்கும் அன்றே ஒருவர் சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

பெயர்க் குழப்பம் இனி கூடத்தான் போகிறது. மைக்ரோ எல்இடி என்பது பொடி எல்இடிகளே புள்ளிகளாகத் தாமே ஒளிரும் திரை; சில ஆண்டுகளாகக் காட்சிக்கு வருகிறது, விலை இன்னும் சாமானியர் நெருங்க முடியாதது. 2025-இல் 'மைக்ரோ ஆர்ஜிபி' என்ற பெயர் வந்தது. அதில் பின்விளக்குதான் சிவப்பு, பச்சை, நீலப் பொடி எல்இடிகள். முன்னால் இருப்பது மறுபடியும் எல்சிடி. ஓவையும் கியூவையும் குழப்பிக்கொண்டதுபோல் இவற்றையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, உங்கள் ஊழியர்களுக்கு இப்போதே சொல்லிக் கொடுங்கள்.

தொழில்நுட்பம் மாறும் என்பதற்காக வாங்காமலே காத்திருக்கும்படியும் நான் யாரிடமும் சொல்வதில்லை. பிளாஸ்மா என்ற பழைய திரை வகையை நல்ல திரை என்று நம்பி வாங்கியவர்கள் உண்டு. உண்மையிலேயே நல்ல திரைதான். 2013 இறுதியில் பானசோனிக் அதன் உற்பத்தியை நிறுத்தியது, அடுத்த ஆண்டு மற்ற பெரிய நிறுவனங்களும் நிறுத்தின. அந்தத் திரைகளுக்குப் பிறகு வந்த சிக்கல் உதிரிபாகம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது: ஒரு மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். நம் நாட்டில் 2022 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் பின்விளக்குப் பட்டைக்காக நான் இன்னமும் பழைய பெட்டிகளைப் பிரித்துத் தேடிக்கொண்டிருக்கிறேன். நான் கேட்டால் நிறுவனங்கள் காதில் வாங்காது. மொத்தமாகக் கொள்முதல் செய்யும் நீங்கள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்த முறை விநியோகஸ்தர் வரும்போது, இந்த மாடலுக்குப் பவர் போர்டும் பின்விளக்குப் பட்டையும் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த விடையை விலைச்சீட்டில், பேனலின் வகைக்கும் உண்மையான ஹெர்ட்ஸுக்கும் பக்கத்தில், தமிழில் எழுதி வையுங்கள்.

ஆசிரியரின் தொலைக்காட்சிக்கு வேறொரு பழைய பெட்டியிலிருந்து பட்டைகள் எடுத்துப் போட்டுவிட்டேன், ஓடுகிறது. என் பட்டறையில் இப்போது ஒரு சாதாரண எல்சிடி, ஒரு கியூஎல்இடி, ஒரு ஓஎல்இடி மூன்றும் பின்மூடி கழற்றிய நிலையில் நிற்கின்றன. தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் விற்பனைப் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். கட்டணம் எதுவும் வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அரை மணி நேரத்தில் புரிந்துகொள்வார்கள். டார்ச்சும் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஒருவன்,
திண்டுக்கல்