துண்டுக்கு அடியில் ஒரு விரல்

காரிமங்கலம்,
சனிக்கிழமை இரவு

கண்ணு,

டிவியில் உனக்கென்று மதியம் தனியாக ஒரு பங்குச்சந்தை நிகழ்ச்சி தந்திருக்கிறார்கள் என்று நீ போனில் சொன்னதில் இருந்து, உன் அம்மா தெருவில் ஒரு வீடு விடவில்லை. எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருக்கிறது. ஆனாலும் இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை. போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இத்தனை வருசம் நீ சேதி சொன்னாய். காலை 9.15க்கு மார்க்கெட் திறந்ததும், பங்குகள் மொத்தத்தில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டுகிற சென்செக்ஸ் எவ்வளவு, நிஃப்டி எவ்வளவு என்பாய். 2020 மார்ச் 23 எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ வேலைக்குச் சேர்ந்த புதிது. 10 சதவீதம் விழுந்ததும் வர்த்தகத்தையே 45 நிமிடம் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு முடியும்போது சென்செக்ஸில் 3,934 புள்ளி போயிருந்தது. இனி ஏறுமா என்று உன்னிடம் கேட்டார்கள். "இன்றைக்கு அதை யாராலும் சொல்ல முடியாது" என்றாய். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனிமேல் ஜனங்கள் போன் போட்டு, இந்தப் பங்கை வைத்திருக்கட்டுமா விற்கட்டுமா என்று கேட்பார்கள். பக்கத்தில் ஒரு நிபுணர் இருப்பார் என்கிறாய். இருக்கட்டும், பார்க்கிறவனுக்குத் தெரிந்த முகம் உன்னுடையதுதான். இது தரகு வேலை, கண்ணு. செவ்வாய்க்கிழமைச் சந்தையில் நாற்பது வருசம் மாட்டுத் தரகு பார்த்தவன் சொல்கிறேன்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ ஐந்தாவது படித்த வருசம், பாலக்கோட்டுப் பக்கம் இருந்து புருசனை இழந்த ஒரு அம்மா கறவை மாடு வாங்க வந்தார். கடன் வாங்கிய பணம் முந்தானையில் முடிந்திருந்தது. விற்க வந்தவன் இரண்டு வேளை கறக்காமல் மடியை நிறைத்துக் கொண்டு வந்திருந்தான். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்குத் தெரியாமல் கைமேல் துண்டைப் போட்டு, விரலைத் தொட்டு விலை பேசும்போது அவன் என் கையில் ஒரு விரலைக் கூடுதலாக அழுத்தினான். அந்த விரலுக்கான பணம் எனக்கு. "வேளைக்கு ஐந்து லிட்டர் கறக்கும், தைரியமாகப் பிடிங்க" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். மாடு இரண்டு லிட்டர்தான் கறந்தது. அடுத்த செவ்வாய் அவர் வந்தார். திட்டவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதானே வாங்கினேன்" என்றார். அந்த விரல் பணத்தைக் கொடுத்துவிட்டேன். அவர் கடன் அதில் அடையவில்லை.

2021 ஜனவரியில் இந்தி வணிகச் சேனல் தொகுப்பாளர் ஒருவர் மீது, பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபி உத்தரவு போட்டதே, அந்தச் சேதியை நீதான் எனக்கு விளக்கினாய். நாளைக்கு எந்தப் பங்கைச் சொல்லப் போகிறார் என்பது அவருக்குத் தெரியும். அதை வீட்டாள்கள் கணக்கில் முதல் நாளே வாங்கி, அவர் டிவியில் சொல்லி விலை ஏறியதும் விற்றார்கள் என்பது புகார். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வந்தது. ஒரு பங்கைப் பற்றி ஆய்வறிக்கை எழுதுகிறவர்கள், அது வெளிவருவதற்கு 30 நாள் முன்னும் 5 நாள் பின்னும் அந்தப் பங்கில் கை வைக்கக் கூடாது என்று 2014லேயே செபி விதி வந்துவிட்டது என்றும் சொன்னாய். எங்கள் சந்தையில் அப்படி ஒரு விதி இல்லாமல் போயிற்று.

நீ அப்படிச் செய்ய மாட்டாய், தெரியும். உன் பக்கத்தில் வந்து உட்காருகிற ஆளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. "வாங்குங்கள்" என்று அவர் சொன்னால், அந்தப் பங்கு அவரிடமோ அவர் கம்பெனியிடமோ இருக்கிறதா என்று அங்கேயே கேள். திரையில் கீழே பொடி எழுத்தில் ஓடுவதை இங்கே எவரும் படிப்பதில்லை, உன் வாயால் கேட்க வேண்டும். இவ்வளவுக்குப் போகும் என்று இலக்கு விலை சொன்னால், எத்தனை மாதத்தில் என்று கேள். போன மாதம் சொன்னது பலிக்கவில்லை என்றால், அதே ஆளைக் கூப்பிட்டு ஏன் என்று கேள். அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

நம் தெரு வாத்தியாரைப் பார். 2024 ஜூன் 3, தேர்தல் கருத்துக்கணிப்பைப் பார்த்து சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறிய அன்று, டிவியில் எல்லோரும் சிரித்த முகமாகப் பேசினார்கள். ஓய்வுப் பணத்தில் ஒரு பங்கை எடுத்துப் போட்டார். மறுநாள் முடிவு வந்தது, 4,389 புள்ளி விழுந்தது. பயந்து அன்றைக்கே விற்றார். 7ஆம் தேதி சென்செக்ஸ் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அவர் பணம் வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று அந்த இரண்டு நாளில் அவர் காதில் விழுகிற மாதிரி ஒருவரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவர் நம் வீட்டில்தான் நிகழ்ச்சி பார்க்கப் போகிறார். உன்னிடம் கேட்கக் கேள்வியைத் தாளில் எழுதி வைத்திருக்கிறார். போன் கிடைத்தால், உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் குரல் உனக்குத் தெரியாமல் போகாது. தெரிந்தவர் என்று மனசு குளிர எதுவும் சொல்லிவிடாதே. விற்க வேண்டியது என்றால் விற்கச் சொல். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். அவர் முகம் வாடினால் நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா