பேட்டரி நன்றாகத்தான் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் 27 வருடமாகக் கார் வயரிங் வேலை பார்க்கிறேன். போன மாதம் கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சியின் கேம்ரி ஹைபிரிட் காரை (பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரியில் ஓடும் மோட்டாரும் உள்ள கார்) வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரியைப் பிரித்து, அதில் செத்துப்போன இரண்டு மாட்யூல்களை (உள்ளே வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன பேட்டரிகள்) மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வீடு வந்த மூன்றாம் நாளே எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது. டிரைவர் டிக்கியில் என்னவோ கழற்றி மாட்டியிருக்கிறார். அதோடு வண்டி ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கே வரவில்லை. மாட்யூல் மாற்றியவர்களிடம் போனில் கேட்டதற்கு, "முழு பேட்டரியும் போச்சு, புதுசுதான்" என்று பதில். செலவு லட்சக்கணக்கில். "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க தம்பி, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார் ஆச்சி.

முதலில் 12 வோல்ட் சின்ன பேட்டரியில் மீட்டரை வைத்தேன். 11.3 காட்டியது. மற்ற கார்களில் சின்ன பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் இந்த வண்டியில் கிடையாது. ரெடி வந்தால்தான் பெரிய பேட்டரியிலிருந்து சின்னதுக்கு சார்ஜ் இறங்கும். ரெடி வராத வண்டியில் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் சின்னது காலியாகி, சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் எரியும். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டதும் பாதி விளக்கு அணைந்துவிட்டது.

ஸ்கேனரில் மிச்சம் இருந்த பழுது எண் பி ஜீரோ ஏ ஜீரோ டி (P0A0D), அதாவது இன்டர்லாக்: பெரிய பேட்டரியின் பாதுகாப்புப் பூட்டு சரியாக விழவில்லை என்று அர்த்தம். டிரைவர் பிடுங்கியது, வேலை பார்க்கும்போது பெரிய பேட்டரியின் சுற்றைத் துண்டிப்பதற்கான ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கை. திரும்ப மாட்டும்போது அதன் பிடியைக் கடைசியாக ஒரு தள்ளு தள்ளிப் பூட்ட வேண்டும். அதை விட்டுவிட்டார். தள்ளினேன், ரெடி வந்துவிட்டது.

ஆனால் தேவகோட்டை ரஸ்தா தாண்டுவதற்குள் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு மறுபடி எரிந்தது. பெரிய பேட்டரியின் 34 மாட்யூல்களை இரண்டிரண்டாக 17 ஜோடிகளாகத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் பார்க்கும். வண்டியை நிறுத்தி ஸ்கேனரைப் போட்டேன். 16 ஜோடிகள் 15.4 வோல்ட், ஒன்று மட்டும் 14.1. இதைப் பார்த்தால் யாரும் அந்த ஜோடி செத்தது என்றுதான் சொல்வார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. மூடியைத் திறந்து, மாட்யூலின் முனையிலேயே நேராக மீட்டரை வைத்தேன். 15.4! பேட்டரி முழுசாக இருக்கிறது. கம்ப்யூட்டருக்குப் போகிற வழியில்தான் வோல்ட் குறைகிறது.

அந்த முனையில் இருந்த நட்டைக் கழற்றியபோது ரப்பர் கையுறையின் விரலில் பச்சைப் பொடி ஒட்டியது. பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவில் ஏறுமே, அதே களிம்பு. மாட்யூலை மாற்றியவர்கள் மாட்யூல்களை இணைக்கும் பழைய செம்புத் தகட்டைத் துடைக்காமலே மாட்டியிருக்கிறார்கள். தகடுகளைக் கழற்றி, நைஸ் எமரித் தாளில் செம்பு நிறம் தெரியும்வரை தேய்த்தேன். வோல்ட் அளக்கும் ஒயரின் வளையத்தையும் விடவில்லை. நட்டுகள் சின்னவை, அளவாக முறுக்காவிட்டால் மரை போய்விடும். பின்சீட்டுப் பக்கம் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் ஃபேன் நிறைய நம்மூர் செம்மண் தூசி. அதையும் சுத்தம் செய்தேன். 17 ஜோடியும் ஒன்றுபோல் வந்தன. இன்றுவரை வண்டி ஓடுகிறது.

இதில் என்னைப் பதற வைத்தது வேறு. மூடியைத் திறந்ததும் என் கடைப் பையன், "பிளக்கைத்தான் பிடுங்கியாச்சே அண்ணே" என்று மோதிரம் போட்ட வெறும் கையை உள்ளே நீட்டினான். தட்டிவிட்டேன். அது 244.8 வோல்ட் பேட்டரி. பிளக்கைப் பிடுங்கினால் சுற்று நடுவில் அறுபடும், அவ்வளவுதான்; இரண்டு பக்கமும் ஆபத்தான அளவு டிசி மின்சாரம் அப்படியே நிற்கும். மோட்டாருக்கு மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டரில், மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டர் இறங்கவே 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை இல்லாமல் கை வைக்கவே கூடாது. இதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் அதுவரை சொல்லவில்லை, அது என் தவறு.

அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) நம் ஊரில்தான் இருக்கிறது. பேட்டரியை அக்குவேறு ஆணிவேறாக அறிந்த விஞ்ஞானிகள் அங்கே இருக்கிறார்கள். செட்டிநாட்டு மெக்கானிக்குகளுக்கென்று தமிழில், ஞாயிற்றுக்கிழமையில், இரண்டு நாள் செய்முறைப் பயிற்சி நடத்த அவர்கள் முன்வர வேண்டும். இந்தக் கோரிக்கை அவர்கள் கண்ணில் படத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கடையை அடைத்துவிட்டு என் கடைப் பையன்கள் இருவரையும் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கார் எலக்ட்ரீஷியன் ஒருவர்,
காரைக்குடி.